அந்த நாலு பேர்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை பக்கம் இருக்கும் ஒரு தாய் கேட்டு எழுதியிருக்கிறார். மகளுக்கு 16 வயது, நான்காம் படிவம். அதே பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பையனோடு ஆறு மாதமாகப் பழக்கம். அவன் அவளுடைய போனை வாங்கிப் பார்க்கிறான், லொக்கேஷனை எப்போதும் போட்டு வைக்கச் சொல்கிறான். போன வாரம் முன்கையில் நகக்கீறல் இருந்தது. கேட்டால் "சும்மா விளையாட்டுக்கு" என்கிறாள். தோழிகள் "உன் மேல அவ்வளவு பாசம், அதான்" என்கிறார்களாம். 14 வயது இளைய மகன் வேறு அந்தப் பையனின் கூட்டத்தோடுதான் புட்சால் விளையாடப் போகிறான். "டீச்சர், பள்ளியை மாற்றிவிடவா? போனைப் பிடுங்கிவிடவா? கூட்டாளிகள்தான் கெடுக்கிறார்களா? தைப்பூசத்துக்கு அவர்களோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்கிறாள், விடலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகப் பேசுவோம். பள்ளியை மாற்ற வேண்டாம். போனைப் பிடுங்க வேண்டாம். கூட்டாளிகள் கெடுக்கிறார்களா என்றால், ஆமாம், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே. ஆனால் நாளைக்கு அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வரப்போவதும் பெரும்பாலும் அந்தத் தோழிகளில் ஒருத்திதான். அதனால்தான் அவர்களிடமிருந்து அவளைப் பிரித்துவிடாதீர்கள் என்கிறேன். தைப்பூசத்தைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கீறலை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் செபராங் பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 20 வருடத்துக்கு மேல் ஆலோசக ஆசிரியராக இருந்தவள். என் அறைக்கு வந்த காதல் விவகாரங்களை நான் எண்ணி வைக்கவில்லை. அடி, கிள்ளு, மிரட்டல் கலந்த விவகாரங்களில் ஒன்றுகூட அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததாக இருந்ததில்லை. அம்மாவுக்குத் தெரியாது, வகுப்பாசிரியருக்குத் தெரியாது. கூட்டாளிகளுக்குத் தெரியும். எந்த நாள், எந்த இடம், எந்தக் கன்னம் என்பது வரைக்கும் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். சாயங்காலம் டியூஷன் முடிந்து ஐந்து பையன்கள் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு அவரவர் 'ஆள்' பக்கம் போகிறது. ஒருவன் பெருமையாக, "நம்ம ஆளு ரெண்டாவது ரிங்குல எடுத்துடும்" என்கிறான். உடனே பந்தயம். ஒவ்வொருவனும் தன் ஆளுக்குப் போன் போட வேண்டும், ஸ்பீக்கரில். யாருடைய ஆள் எடுக்கவில்லையோ அவன் எல்லாருடைய மைலோ ஐஸுக்கும் காசு கொடுக்க வேண்டும். முதல் மூன்று பேருக்கும் எடுத்துவிட்டார்கள். நான் சொல்ல வந்த பையன் போட்டான். ரிங் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண் அந்த நேரம் வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். போன் கூடத்தில் கிடந்தது.

மேசையில் யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒருவன் மட்டும், "பரவால்ல மச்சான், பிஸியா இருக்கும்" என்றான். அந்தப் 'பிஸி'யை அவன் கொஞ்சம் இழுத்துச் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். பில் 15 வெள்ளி (ரிங்கிட்) வந்திருக்கும். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியதில் இரண்டு வாரம் எழுத முடியாமல் போனது. விசாரணையெல்லாம் முடிந்து அவன் என் முன்னால் உட்கார்ந்தபோது சொன்னான்: "அவ மேல கோவமே இல்ல டீச்சர். அவனுங்க முன்னாடி கேவலமா போச்சு."

கோபம் அவள் மேல் இல்லையாம். முறுக்கியது மட்டும் அவள் கையை.

நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்போம். யார் அந்த நாலு பேர் என்று சின்ன வயதில் நான் யோசித்ததுண்டு. அந்த மேசையில் இருந்தார்கள். அவனைக் கழித்தால் சரியாக நாலு பேர்.

இதில் உங்கள் ஊர்ப் பையன், எங்கள் ஊர்ப் பையன் என்ற வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறாய் என்பதுதான் ஆட்டம். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் சிலரைத் தனியாக ஆட விட்டார்கள், மற்றவர்களைக் கூட்டாளிகள் இரண்டு பேர் பக்கத்தில் இருக்க ஆட விட்டார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தவர்களிடம் துணிச்சல் சரசரவென்று ஏறியிருந்தது. 24 வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. பையன்களின் அப்பாக்களிடம் நான் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், தங்கள் மோட்டார் சைக்கிள் காலம் ஞாபகத்துக்கு வரும். காதலிலும் அதே மூளைதான் வேலை செய்கிறது என்பதை மட்டும் அவர்களால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

இன்னோர் ஆய்வு இதைவிட நேரடியானது. ஆரிகன் மாநிலத்தில் டெபோரா கபால்டியின் குழு, 17, 18 வயதுப் பையன்களை ஒரு நண்பனோடு உட்காரவைத்துப் பேச விட்டு வீடியோ எடுத்தது. பெண்களைப் பற்றி அவர்கள் எவ்வளவு இளக்காரமாக, எவ்வளவு வன்மமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று குறித்து வைத்தார்கள். சில வருடங்கள் கழித்து அதே பையன்கள் தங்கள் காதலியிடமும் மனைவியிடமும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். நண்பனோடு அப்படிப் பேசிச் சிரித்தவர்கள்தான் பின்னால் அதிகம் கை நீட்டியிருந்தார்கள். 2001இல் வந்த ஆய்வு அது. வாட்ஸ்அப் குழுவில் 'சும்மா ஜோக்குக்கு' என்று பகிர்வதை நான் ஏன் சும்மா விடுவதில்லை என்று என் மாணவர்கள் அப்போது முணுமுணுப்பார்கள். காரணம் இதுதான்.

"அப்பா குடிச்சிட்டு அம்மாவை அடிக்கிற வீட்டுப் பையன்தானே இப்படி ஆவான்" என்று நீங்கள் கேட்கலாம். வீடும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹிமேனா அரியாகா, வான்ஜி ஃபோஷி என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடைபோட்டுப் பார்த்தது. பெற்றோர் அடித்துக்கொள்வதைப் பார்த்து வளர்வது, வன்முறை இருக்கும் காதலில் உள்ள நண்பர்களைக் கூட வைத்திருப்பது, இந்த இரண்டில் எது ஒரு பிள்ளை பின்னால் அதே வழியில் போவதை அதிகம் காட்டிக்கொடுக்கிறது என்று. நண்பர்கள் பக்கம்தான் தராசு தாழ்ந்தது. நல்ல குடும்பத்துப் பையன் என்று நம்பி ஏமாந்த அம்மாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இது எங்கோ ஒருவருக்கு நடப்பதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, துணை என்று ஒருவர் இருந்திருக்கும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 24 விழுக்காட்டினர் அந்தத் துணையிடமே அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள். நாலில் ஒருத்தி. பையன்களும் அடி வாங்குகிறார்கள், பெண்பிள்ளைகளும் அறைகிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அறை வாங்கிவிட்டு மறுநாள் பயத்தோடு பள்ளிக்கு வந்த பையனை நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது உங்கள் மகளின் பக்கத்துக்கு வருவோம். இங்கே கூட்டாளிகள் சிரிப்பதில்லை, பொழிப்புரை எழுதுகிறார்கள். அவன் செய்வதற்கெல்லாம் அர்த்தம் சொல்கிறார்கள். போனைப் பிடுங்கிப் பார்த்தானா, 'பொசசிவ்'. வேறு பையனோடு குழுப்பாடம் செய்ததற்குத் திட்டினானா, 'கேரிங்'. நகம் பட்டதா, 'கோவத்துல கன்ட்ரோல் போயிடும் அவனுக்கு, பாவம்'. இதில் ஒரு சின்னப் போட்டியும் உண்டு. யாருடைய ஆள் அதிகம் பொசசிவ் என்பது பெருமை. எதுவும் கேட்காத, எங்கே போனாய் என்று விசாரிக்காத நல்ல பையனின் காதலியைப் பார்த்து, "அவனுக்கு உன் மேல இன்ட்ரஸ்ட் இல்லையோ" என்று கேட்பார்கள். ஐந்தாம் படிவத்துப் பெண் ஒருத்தி என்னிடம் அழுதுகொண்டு சொன்ன குறை இது: "அவன் என்கிட்ட பாஸ்வேர்டே கேட்கல டீச்சர்."

இன்னொன்று, அம்மாக்கள் கவனிக்கத் தவறுவது. நம் பள்ளிகளில் 'அங்காட்' முறை ஒன்று உண்டு. மூத்த மாணவன் ஒருவன் அண்ணன் ஆவான், இளையவள் தங்கை ஆவாள். மலாய்ப் பிள்ளைகளிடமும் இருக்கிறது, நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு காதலில் சண்டை வந்ததும் அந்தப் பையனின் நண்பர்கள் எல்லாரும் இவளுக்கு அண்ணன்கள் ஆகிவிடுவார்கள். "அண்ணன் சொல்றேன் கேளு, அவன் ரெண்டு நாளா சாப்பிடல." "இந்த ஒரு தடவை மன்னிச்சிடும்மா, நான் பொறுப்பு." அப்புறம் எங்கேயாவது ஒரு பூங்காவில் நாலு அண்ணன்கள் உட்கார்ந்து சேர்த்துவைப்பார்கள். இரண்டாவது முறை சேர்ந்த காதல்களில்தான் அடி பலமாக விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை அவள் பிரிய நினைத்தால் அவனை மட்டும் சமாளித்தால் போதாது, பொறுப்பேற்ற நாலு பேரின் மானத்தையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். உங்கள் மகளிடம் எதையும் விசாரிக்கும் முன்னால், அவளுக்குப் பள்ளியில் எத்தனை 'அண்ணன்' இருக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். நிறையத் தெரியவரும்.

இனி நம் வீட்டுக்குள் இருக்கும் நாலு பேர். இதைச் சொன்னால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவன் அவளை மிரட்டும்போது என்ன சொல்லி மிரட்டுவான்? 'அடிப்பேன்' என்று இருக்காது. 'உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்', 'உங்க அப்பாவுக்குப் போட்டோ அனுப்பிடுவேன்' என்றுதான் இருக்கும். அவன் கையில் இருக்கும் ஆயுதமே நீங்கள்தான். வீட்டுக்குத் தெரிந்தால் அடி, பள்ளி நிறுத்தம், போன் பறிப்பு, பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது என்று அவள் நம்பும் வரைக்கும் அந்த ஆயுதம் கூராகவே இருக்கும். போனைப் பிடுங்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், அவன் அனுப்பிய மிரட்டல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பின்னால் போலீஸ் ரிப்போர்ட் போட வேண்டியிருந்தால் அதுதான் சாட்சி. பள்ளியை மாற்றினால் அவளுடைய தோழிகள் போவார்கள், அவன் போக மாட்டான். அவன் போனில் இருக்கிறான்.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், மனைவி, பிரிந்தவர்கள், பிள்ளைகள், குடும்பத்தார் ஆகியோருக்கு. காதலன், காதலி அதற்குள் வர மாட்டார்கள். 2017 திருத்தத்தில் சமூகநல அதிகாரியே கொடுக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை வந்தது, அதுவும் உங்கள் மகளுக்குக் கிடைக்காது. 2023இல்தான் தண்டனைச் சட்டத்தில் 507ஏ பிரிவு சேர்ந்தது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, வேண்டாம் என்ற பிறகும் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது, வீட்டு வாசலில் சுற்றுவது, இப்படிப் பயமோ மனவேதனையோ உண்டாகும்படி இரண்டு தடவையாவது செய்தால் குற்றம். மூன்று வருடம் வரை சிறை உண்டு. காதலர்களுக்கும் இது பொருந்தும். அடித்தால் சாதாரணக் காயம் விளைவித்த குற்றம் எப்போதும் இருக்கவே இருக்கிறது. அதற்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

படம் விஷயத்தில் சட்டம் மிகக் கடுமையானது, பையன்களின் கூட்டத்துக்கு இதுதான் தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் யாராக இருந்தாலும் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்துக்கு அவர் சிறார்தான். அவருடைய ஆபாசப் படத்தைப் பரப்பினால் 10 வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. வெறுமனே போனில் வைத்திருந்தாலே 5 வருடம் வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 'நான் எடுக்கல, எனக்கு வந்துச்சு, ஃபார்வர்ட் பண்ணேன்' என்பது தற்காப்பு ஆகாது. அப்பாக்களுக்கு நான் சொல்வது, உங்கள் மகனின் போனில் அப்படி ஒரு படம் இருந்தால் அது உங்கள் வீட்டில் இருக்கும் வெடிமருந்து. அதேபோல, தோழிகளில் யாராவது 15 வயதுக்காரி இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: 16 வயதுக்குக் கீழ் அவளே சம்மதித்தாலும் உடலுறவு சட்டப்படி வன்புணர்ச்சிதான்.

2024இல் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பெண் இணையத் தொல்லை தாங்காமல் உயிரை விட்டதும், தொல்லை கொடுத்தவர்களில் ஒருவருக்கு 100 வெள்ளி மட்டும் அபராதம் விதிக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் தொல்லை, மிரட்டல், சொந்த விவரங்களை வெளியிட்டு அவமானப்படுத்துவது ஆகியவற்றுக்கான புதிய பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. 507பி முதல் 507ஜி வரை. காதல் முறிந்ததும் பையனின் கூட்டாளிகள் பத்துப் பேர் சேர்ந்து அவள் டிக்டாக்கில் போய்க் காறித் துப்புவது இனி வெறும் விளையாட்டு இல்லை.

சட்டம் போதும். இன்றைக்கு ராத்திரி நீங்கள் செய்ய வேண்டியது வேறு.

அவனைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால் அவள் அவனுக்கு வக்கீல் ஆகிவிடுவாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "எது நடந்திருந்தாலும், எந்த போட்டோ எங்க இருந்தாலும், முதல்ல என்கிட்ட வா. நான் திட்டமாட்டேன், அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." சொல்லிவிட்டு எழுந்து போய் வேலையைப் பாருங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள். மூன்று நாள் கழித்து, மூன்று வாரம் கழித்து வரும். அன்றைக்கு நீங்கள் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் கஷ்டம். என்னிடம் வந்த ஓர் அம்மா அப்படிச் சொல்லிவிட்டு, மகள் வாயைத் திறந்ததும் முதலில் கன்னத்தில் ஒன்று வைத்தார். அந்தப் பெண் அதற்கப்புறம் ஒரு வருடம் எதையும் சொல்லவில்லை.

இரண்டாவதாக, அவளுடைய தோழிகளில் வாயடக்கமான ஒருத்தி இருப்பாள். கூட்டத்தில் எல்லாரும் 'பாசம்' என்னும்போது ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்க்கிறவள். அவளைக் கண்டுபிடியுங்கள். பலகாரம் செய்து கொடுங்கள், டியூஷன் முடிந்தால் காரில் ஏற்றி வீட்டில் விடுங்கள். கேள்வி கேட்காதீர்கள், உளவு பார்க்கவும் சொல்லாதீர்கள். "அவளுக்கு ஏதாச்சும்னா எனக்கு ஒரு போன் போடு கண்ணு" என்று மட்டும் சொல்லி நம்பரைக் கொடுங்கள். மணிக்கட்டுச் சம்பவம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? அடிபட்டவள் வேறு பள்ளி, அவள் எங்கே என்னிடம் வரப்போகிறாள். அவளுடைய தோழி ஒருத்தி, இரண்டு பேருந்து மாறி, பள்ளி விடும் நேரத்துக்கு வந்து, காவலாளியிடம் சண்டை போட்டு உள்ளே வந்தாள். சீருடை வியர்வையில் ஒட்டியிருந்தது. "அவ எழுதவேண்டியதை நான்தான் எழுதிக் குடுத்துட்டு இருக்கேன் டீச்சர், எனக்கு ரெண்டு பேர் ஹோம்வொர்க் பண்ண முடியல" என்றாள். புகார் கொடுப்பதற்கு அவளுக்குக் கிடைத்த காரணம் அது.

பிரிவது என்று மகள் முடிவெடுத்தால் அந்த வாரம்தான் அதிகம் கவனம் தேவை. "கடைசியா ஒரே ஒரு தடவை நேர்ல பேசணும்" என்று அவன் கூப்பிடுவான், அண்ணன்கள் ஆமாம் போடுவார்கள். தனியாகப் போகவே கூடாது. செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அந்தரங்கப் படம் வெளியே போய்விடும் என்ற பயம் இருந்தால், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். போனிலேயே அதற்கு ஒரு எண்முத்திரை உண்டாகும், அந்த முத்திரையை வைத்து இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். இந்த ஒரு தகவலைச் சொன்னதுமே மூச்சு விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடி விழுந்திருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். அங்கே ஒரே இடத்தில் மருத்துவர், சமூகநல அதிகாரி, போலீஸ் எல்லாரையும் வரவழைக்கும் ஏற்பாடு இருக்கிறது. முதலில் போலீஸ் ரிப்போர்ட் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. போலீசில் பெண்கள், சிறார் வழக்குகளைப் பார்ப்பது டி11 பிரிவு. யாரிடமாவது பேசினால் போதும் என்ற நிலை என்றால், தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999, இரவு பகல் எந்நேரமும். பினாங்கில் 1985இல் தொடங்கிய டபிள்யூசிசி என்ற பெண்கள் மையம் இருக்கிறது, எண் 04-228 0342. காசு வாங்க மாட்டார்கள். பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளிடம் பேசுவார்கள்.

இப்போது உங்கள் மகன். அவனை யாரும் கேட்பதில்லை, ஆனால் இந்தக் கதையில் அவன் இருக்கும் இடம் முக்கியமானது. 14 வயதுப் பையனைப் பெரிய பையன்கள் புட்சாலுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால் சும்மா இருக்காது. "அக்கா வீட்ல இருக்கா? யார்கூட போன்ல பேசுது?" அவனுக்கு இதெல்லாம் தூது வேலை என்றே தெரியாது, பெரிய அண்ணன்கள் தன்னிடம் பேசுகிறார்கள் என்ற குஷி. அவனைத் திட்டாதீர்கள், புட்சாலை நிறுத்தாதீர்கள். "அக்கா பத்திக் கேட்டா 'தெரியல ப்ரோ'ன்னு சொல்லு" என்று மட்டும் பழக்குங்கள். ஒரு வாக்கியம்தான். சொல்லச் சொல்ல வரும்.

பையன்களுக்குப் 'பெண்களை மதி' என்று சொற்பொழிவு ஆற்றிப் பயனில்லை, நானே 10 வருடம் ஆற்றிப் பார்த்துவிட்டேன். எல்லாரும் தலையாட்டுவார்கள், வெளியே போய் அதையே நக்கலாக நடித்துக் காட்டுவார்கள். பின்னால்தான் எனக்குப் புரிந்தது. டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்பவர்கள் 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொருவனும் மனதுக்குள் 'இவ்வளவு குடிப்பது சரியில்லை' என்று நினைக்கிறான், ஆனால் மற்றவர்கள் எல்லாருக்கும் இது சரிதான் என்றும் நம்புகிறான். அந்த மாமாக் கடை மேசையும் அப்படித்தான். பிறகு நான் அந்த நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மூன்று பேர் சொன்னார்கள், அந்தப் பந்தயமே தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று. ஒருவன், தன் ஆள் எடுக்காமல் போய்விடுவாளோ என்று வயிறு கலங்கியதாகச் சொன்னான். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை, மற்ற மூன்று பேரும் ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு.

அமெரிக்காவில் சாக்ரமெண்டோ பக்கத்துப் பள்ளிகளில் எலிசபெத் மில்லர் என்ற மருத்துவரின் குழு, விளையாட்டுப் பயிற்சியாளர்களை வைத்தே பையன்களிடம் வாரம் கால் மணி நேரம் இதைப் பற்றிப் பேச வைத்தது. ஆசிரியர் சொன்னால் பாடம், கோச் சொன்னால் வேதம் என்பது பையன்களுக்கு அங்கேயும் பொருந்தும் போல. அப்படிப் பேசிய பள்ளிகளில் பையன்கள் கூட்டாளி எல்லை மீறும்போது தடுத்துச் சொல்வது கூடியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது காதலியிடம் வன்முறையாக நடப்பதும் குறைந்திருந்தது. உங்கள் மகனின் புட்சால் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் யாராவது இருந்தால், ஒரு நாள் தே தாரேக் வாங்கிக் கொடுத்து அவரிடம் பேசுங்கள். "டேய், அது ஓவர்டா" என்று ஒருவன் சொன்னால் போதும், அடுத்தவனுக்கும் வாய் திறக்கும். அதைக் கெத்தாகச் சொல்லக் கற்றுக்கொடுக்க நம்மால் முடியாது, அவரால் முடியும்.

கடைசியாகத் தைப்பூசம். அனுப்புங்கள். போகாதே என்றால் அவன் கூட ரகசியமாகப் போவாள், அது இதைவிட மோசம். அந்த வாயடக்கமான தோழியின் அம்மாவிடம் முன்கூட்டியே பேசி, இரண்டு பெண்களையும் நீங்களே கொண்டுபோய் இறக்கிவிடுங்கள். கூட்டத்தில் போன் லைன் சரியாகக் கிடைக்காது, அதனால் இன்னாருடைய தண்ணீர்ப்பந்தல், ராத்திரி 9 மணி என்று இடத்தையும் நேரத்தையும் வாயாலேயே பேசி வையுங்கள். நீங்கள் கொஞ்சம் முன்னாடியே போய் அந்தப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நில்லுங்கள். அவன் வந்தால் அவனுக்கும் ஒரு குவளை கொடுங்கள், பெயரைக் கேளுங்கள், எந்த ஊர், அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று விசாரியுங்கள். அவனுடைய நாலு பேரும் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களையும் பெயர் கேளுங்கள்.